வளாக நெட்வொர்க்கில் பாப்அப் மெசஞ்சர்: மூடிவிடலாமா, விட்டுவிடலாமா?

ஆய்வகச் சாவி:
வளாகத்தில் பாதிக் கணினிகளில் லேன் மெசஞ்சர் (ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கணினிகள் நேரடியாகச் செய்தி அனுப்பிக்கொள்ளும் மென்பொருள்) ஓடுகிறது. செய்தி வந்தால் என்ன வேலையில் இருந்தாலும் திரைக்கு நடுவில் ஒரு பெட்டி வந்து குந்திக்கொள்ளும். போன வாரம் ஒரு மாணவி வாய்மொழித் தேர்வில் ஸ்லைடு காட்டிக்கொண்டிருந்தார். புரொஜெக்டரில் பெரிதாக "மச்சி, எச்ஓடி கிளம்பிட்டாரா?" என்று வந்து நின்றது. எச்ஓடி, அதாவது துறைத் தலைவர், முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு அடுத்த பத்து நிமிடம் பேச்சே வரவில்லை. இதை மொத்தமாக மூட வேண்டும் என்பது என் கட்சி.

மூன்றாம் மாடி:
சார், அது மெசஞ்சர் செய்த தப்பா? புரொஜெக்டரில் செருகும் முன் அதை மூடியிருக்கலாம். பெட்டி எழும்பாமல் மூலையில் ஐகான் மட்டும் மினுங்கும்படி வைக்கவும் வழி இருக்கிறது. இதற்கு சர்வர் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். வெளி இணைப்பு போன நாளில் விடுதிக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே கோப்பு அனுப்ப எங்களுக்கு இருப்பது இது ஒன்றுதான்.

பாதி ஆய்வேடு:
பெட்டி வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். யார் அனுப்பியது என்பதுதான் என் பிரச்சினை. பெயர் கட்டத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம். எங்கள் துறையில் எவனோ "தேர்வுப் பிரிவு" என்று பெயர் வைத்துக்கொண்டு நாளைய தேர்வு தள்ளிப்போகிறது என்று எல்லோருக்கும் தட்டிவிட்டான். நம்பியவர்கள் நம்பினார்கள், படித்தவர்கள் படித்தார்கள். அனுப்பியவன் இன்றுவரை சிக்கவில்லை.

மூன்றாம் மாடி:
ஐபி முகவரி இருக்குமே, பிடித்திருக்கலாமே?

பாதி ஆய்வேடு:
ஆய்வகக் கணினி. பொது லாகின். யாரைப் பிடிப்பது?

பழைய கம்பி:
இந்தக் கூத்தை நாங்கள் ஏற்கெனவே பார்த்தாயிற்று. விண்டோஸ் என்டி, 2000, எக்ஸ்பி காலத்தில் மெசஞ்சர் சர்வீஸ் என்று ஒன்று பின்னணியில் தானாக ஓடும். (எம்எஸ்என் மெசஞ்சர் வேறு, இது வேறு.) கட்டளைத் திரையில் நெட் சென்ட், ஒரு நட்சத்திரக் குறி, அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை. அவ்வளவுதான், டொமைன், அதாவது அந்த நிறுவனக் கணினிக் குழு, முழுக்கப் பெட்டி எழும்பும். 2002 வாக்கில் இன்டர்நெட்டிலிருந்தே விளம்பரக்காரர்கள் இதற்குள் புகுந்துவிட்டார்கள். 2003 அக்டோபரில் அதே சர்வீஸில் பெரிய ஓட்டை ஒன்று தெரிய வந்தது: வெளியிலிருந்து ஒருவர் கணினியையே கைப்பற்றலாம். 2004-ல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதை அணைத்தே கொடுத்தது. விஸ்டாவில் அது அறவே இல்லை.

மூன்றாம் மாடி:
அண்ணா, அது ஒவ்வொரு கணினியிலும் கேட்காமலே ஓடியது. இது நாங்களே விரும்பிப் போட்டுக்கொள்வது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

ஆய்வகச் சாவி:
தம்பி, நீங்கள் விரும்பிப் போட்டது பக்கத்துக்காரன் தலையிலும் விழுகிறதே. ஒரு கணினியில் இது திறந்ததும் "யார் யார் இருக்கிறீர்கள்?" என்று எல்லோரையும் கேட்கும். இருப்பவர்கள் எல்லோரும் பதில் சொல்வார்கள். மின்சாரம் போய் வந்து 200 கணினிகள் சேர்ந்து எழுந்தால், ஒன்றுக்கு 199 பதில் வீதம் சுமார் நாற்பதாயிரம் பாக்கெட், அதாவது நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுகள்.

மூன்றாம் மாடி:
ஒவ்வொன்றும் துக்கடா பாக்கெட். கணினிகளைக் கம்பியில் இணைக்கும் கிகாபிட் சுவிட்ச் திரும்பிக்கூடப் பார்க்காது!

பழைய கம்பி:
கம்பியில் சரி. வைஃபையில் இல்லை. அந்த "யார் யார்" கேள்வி மாதிரி எல்லோருக்குமான பாக்கெட் அங்கே பொதுவாக மிகக் குறைந்த வேகத்தில்தான் போகும், தூரத்தில் இருப்பவருக்கும் கேட்க வேண்டுமே. அது போய் முடியும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். தூங்கும் ஃபோன்களும் அதைக் கேட்க எழும், பேட்டரி போகும். ஆனால் சாவி சாரிடமும் ஒரு கேள்வி. மெசஞ்சர் பேசும் போர்ட்டை, அதாவது அதன் நெட்வொர்க் வாசலை, எங்கே மூடுவீர்கள்? வளாக எல்லையில் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலிலா? ஒரே சுவிட்சில் இருக்கும் இரண்டு கணினிகள் பேசிக்கொள்வதை அது பார்ப்பதே இல்லை.

ஆய்வகச் சாவி:
சுவிட்சிலேயே மூடலாம். பழைய சுவிட்சுகளில் அந்த வசதி இல்லை என்பதும் தெரியும். அவற்றில் ஆய்வகத்தைத் தனி விலேனாக, அதாவது தனிக் குட்டி நெட்வொர்க்காக, பிரித்துவிடலாம், கேள்வி அந்த அறையைத் தாண்டாது.

பாதி ஆய்வேடு:
அந்த அறைக்குள்ளேயே ஒருவன் தேர்வுப் பிரிவு ஆகலாமே! முதலில் பொது லாகினை எடுங்கள். அவரவர் பெயரில் நுழையட்டும். அதன் பிறகு பாதிப் பேர் தாமாகவே வாயை மூடிக்கொள்வார்கள்.

மூன்றாம் மாடி:
இதற்கு நான் சம்மதம். ஆய்வகத்தில் தடை போடுங்கள், தேர்வு நடக்கும் அறையிலும் போடுங்கள். விடுதியை விட்டுவிடுங்கள்.

ஆய்வகச் சாவி:
விடுதியில்தான் வைஃபை இருக்கிறது, தம்பி.