மேட்ரிக் மதிப்பெண்: எந்த பாஸ், மார்க் எங்கே போகிறது

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

"எல்லாப் பாடத்திலும் நாற்பதுக்கு மேல், பாஸ் என்றுதான் போட்டிருக்கிறது, பிறகு ஏன் டிகிரிக்கு எடுக்க மாட்டேன் என்கிறார்கள்?" இந்தக் கேள்வி டர்பனிலிருந்தும் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் பொங்கலை ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் குழுவுக்கு வருகிறது. ஊரில் 35 வாங்கினால் பாஸ், அதற்குமேல் கட்-ஆஃப் என்று பழகிய கண்ணுக்குத் தென்னாப்பிரிக்காவின் மேட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) சான்றிதழ் புரியாது. இங்கே பாஸ் மூன்று வகை.

மொத்தம் ஏழு பாடம். எந்த பாஸ் ஆனாலும் ஹோம் லாங்வேஜில் (முதல் மொழியாக எடுக்கும் ஆட்சிமொழிப் பாடம்) 40 கட்டாயம். அதோடு வேறு இரண்டு பாடத்தில் 40, இன்னும் மூன்றில் 30 இருந்தால் ஹையர் சர்ட்டிஃபிகேட் பாஸ். நான்கு பாடத்தில் 40 என்றால் டிப்ளமா பாஸ். நான்கு பாடத்தில் 50 இருந்தால்தான் பேச்சலர் பாஸ், அதாவது டிகிரிக்கு விண்ணப்பிக்கும் தகுதி. எல்லாவற்றிலும் 45 வாங்கிய பிள்ளைக்குக் கிடைப்பது டிப்ளமா பாஸ். நான்கில் 50 வாங்கி மற்ற இரண்டில் 31 எடுத்த பிள்ளைக்கு பேச்சலர் பாஸ். அநியாயமாகத் தோன்றலாம், விதி அதுதான். 2024 தேர்வில் நாடு முழுவதும் தேர்ச்சி 87.3 விழுக்காடு என்று பெரிய எழுத்தில் வந்தது. தேர்வு எழுதியவர்களில் பேச்சலர் பாஸ் 47.8 விழுக்காடு மட்டுமே. நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை.

லைஃப் ஓரியன்டேஷனில் (வாழ்க்கைத் திறன் பாடம்) 85 வந்திருக்கிறது என்று சந்தோஷப்படுபவர்களுக்கு: அது 10 கிரெடிட் பாடம், மற்றவை 20. அந்த நான்கு பாடக் கணக்கில் அது சேராது. க்வாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் புள்ளி கூட்டும்போது அதைத் தள்ளிவிடுகிறது. ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகம் சேர்க்கிறது, ஆனால் குறைத்துத்தான் தருகிறது.

இரண்டாவது சிக்கல் மொழி. நம் பிள்ளைகள் அநேகமாக ஆங்கிலத்தை ஹோம் லாங்வேஜ் மட்டத்தில் எழுதுகிறார்கள். அதில் 35 வந்தால், கணக்கில் 90 இருந்தாலும் மேட்ரிக்கே இல்லை. கணக்குக்கு மட்டும் டியூஷன் வைக்கும் வீடுகளில் இது நடக்கிறது. முதல் தாளில் சுருக்கி எழுதும் கேள்வியைப் பாருங்கள்: ஏழு கருத்து, தொடர்ச்சியான ஒரு பத்தி, 90 சொல்லுக்குள். பத்தியில் உள்ள வாக்கியத்தை அப்படியே தூக்கி எழுதினால் மார்க் குறைப்பார்கள். மனப்பாடத்தில் வளர்ந்த பிள்ளை அதைத்தான் செய்யும்.

இரண்டாவது மொழியாக வரும் ஆஃப்ரிகான்ஸ் பற்றி. கிரேடு 7இலோ அதற்குப் பிறகோ தென்னாப்பிரிக்கப் பள்ளியில் முதன்முதலாகச் சேர்ந்த பிள்ளைக்கு "இமிக்ரன்ட்" சலுகை உண்டு. ஒரே ஒரு ஆட்சிமொழி போதும் (பள்ளியில் பாடம் நடத்தும் மொழியாக அது இருக்க வேண்டும்), இரண்டாவது மொழிக்குப் பதில் வேறு பாடம் எடுக்கலாம். பள்ளி தானாகச் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். சேர்க்கும்போதே எழுத்தில் கேளுங்கள், ஊர்ப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். கிரேடு 4இல் வந்த பிள்ளைக்கு இது கிடையாது. தமிழும் மேட்ரிக் பாடப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் ஆட்சிமொழி அல்லாத மொழியாக. ஆஃப்ரிகான்ஸுக்கோ ஜூலுவுக்கோ பதிலாக அதை வைக்க முடியாது, விருப்பப் பாடமாகத்தான் எடுக்கலாம்.

கணக்கா, மேத்ஸ் லிட்டா (மேத்தமேட்டிகல் லிட்டரசி, அன்றாடக் கணக்குப் பாடம்) என்பது கிரேடு 10 தொடக்கத்தில் தீர்மானமாகிவிடுகிறது. மேத்ஸ் லிட்டில் 85 வாங்கினாலும் பொறியியல் கதவு திறக்காது. கணக்கிலிருந்து மேத்ஸ் லிட்டுக்கு இறங்கலாம், ஏறுவது நடைமுறையில் முடியாது. கிரேடு 12இல் ஒரு பாடத்தைத்தான் மாற்ற விடுவார்கள், அதுவும் ஜனவரி முடிவதற்குள். "அடுத்த தவணை பார்க்கலாம்" என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வராதீர்கள்.

இனி மார்க் எங்கே போகிறது என்பதற்கு வருகிறேன், இதுதான் முக்கியம்.

கணக்கில் இரண்டு தாள், ஒவ்வொன்றும் 150 மார்க், மூன்று மணி நேரம். முதல் தாளில் ஃபங்ஷன் 35, கால்குலஸ் 35. இரண்டாவதில் திரிகோணமிதியும் யூக்ளிட் வடிவியலும் சேர்ந்து 90. வடிவியலை விட்டுவிட்டு 60 எதிர்பார்க்கும் பிள்ளைகள் அங்கேயே முடிந்துபோகிறார்கள். வடிவியலில் கூற்றுக்கு ஒரு மார்க், காரணத்துக்குத் தனி மார்க். கோணம் 40 பாகை என்று சரியாக எழுதி, ஏன் என்று எழுதாவிட்டால் அந்த மார்க் போச்சு. வட்ட நாற்கரம் என்று நிறுவும்போது தேற்றத்தின் பெயரை எழுதினால் போதாது, மறுதலை என்று குறிப்பிட வேண்டும். ஏற்கத்தக்க காரணங்களின் பட்டியல் கல்வித் துறையின் தேர்வு வழிகாட்டியிலேயே இருக்கிறது. அச்செடுத்து மேசைமேல் ஒட்டுங்கள்.

முதல் கொள்கையின்படி வகைக்கெழு காணும் கேள்வி ஒவ்வொரு தாளிலும் வருவது, ஐந்து மார்க் சும்மா கிடைப்பது மாதிரி. அதில் லிமிட் குறியீட்டை நடுவில் ஒரு வரியில் விட்டுவிட்டு ஒரு மார்க்கை இழப்பது வழக்கம். கால்குலேட்டர் விடையை மட்டும் எழுதினால் முழு மார்க் உறுதியில்லை என்று தாளின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கும். வழியைக் காட்டினால் இன்னொரு நன்மையும் உண்டு: (அ) பிரிவில் தவறான விடை வந்தாலும், அதை வைத்து (ஆ) பிரிவை ஒழுங்காகச் செய்தால் தொடர்மார்க் கிடைக்கும். அதனால் முதல் விடை தவறோ என்று சந்தேகம் வந்தாலும் அடித்துவிட்டு எழுந்து வரக் கூடாது.

ஃபிசிக்கல் சயன்ஸில் சூத்திரத்துக்கு ஒன்று, எண்களைப் போடுவதற்கு ஒன்று, அலகோடு விடைக்கு ஒன்று என்று பிரித்துத் தருவார்கள். சூத்திரமே தவறு என்றால் பின்னால் வருவது எதுவும் எடுபடாது. விசை, திசைவேகம் கேட்டால் திசையையும் எழுத வேண்டும். நியூட்டனின் இரண்டாம் விதியில் "நிகர விசை" என்பதில் "நிகர" விட்டுப்போனால் மார்க் குறையும்.

பள்ளி மதிப்பீடு, எஸ்.பி.ஏ. என்கிறார்களே, அது பெரும்பாலான பாடங்களில் 25, பொதுத்தேர்வு 75. பள்ளி தாராளமாக 90 போட்டு, தேர்வில் பிள்ளைகள் 50 எடுத்தால், தேர்வுத் தரத்தைச் சரிபார்க்கும் உமாலூசி அமைப்பு அந்தப் பள்ளி மதிப்பீட்டைப் புள்ளியியல் முறையில் கீழே இழுத்துவிடும். ரிப்போர்ட் கார்டில் உள்ள எண்ணை நம்பி வீட்டுக்கடன் மாதிரித் திட்டம் போடக் கூடாது. செப்டம்பரில் வரும் ட்ரையல் தேர்வு மதிப்பெண்தான் ஓரளவு உண்மை சொல்லும்.

பல்கலைக்கழகங்கள் தற்காலிக இடம் தருவது கிரேடு 11 இறுதி மதிப்பெண்ணை வைத்து. மேட்ரிக் வருஷத்தில்தான் முறுக்கிவிட வேண்டும் என்ற நம் ஊர் வழக்கம் இங்கே ஒரு வருஷம் தாமதம். க்வாசுலு-நட்டாலில் மதிப்பெண்ணைப் படிகளாகப் பார்க்கிறார்கள்: 50 முதல் 59 வரை 4, 60 முதல் 5, 70 முதல் 6, 80 முதல் 89 வரை 7. ஆறு பாடத்தில் 60 என்றால் 30 புள்ளி, ஆறிலும் 59 என்றால் 24. கேப் டவுன் பல்கலைக்கழகம் விழுக்காட்டையே கூட்டுகிறது, அங்கே 59க்கும் 60க்கும் ஒரு மார்க்தான் வித்தியாசம். ஒரே மதிப்பெண் பட்டியல் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எடை போடப்படும்.

மறுதிருத்தத்துக்குப் பணம் கட்டுவதா என்று கேட்பவர்களும் இதையே பாருங்கள். 49, 59, 69 போன்ற விளிம்பில் நிற்கும் பாடத்துக்குக் கட்டலாம். 54ஐ 56 ஆக்குவதற்கு வேண்டாம். மறுகூட்டல் வேறு, மறுதிருத்தம் வேறு. முன்னது கூட்டலையும் விடுபட்ட பக்கத்தையும் மட்டும் பார்க்கும். எஸ்.பி.ஏ. மதிப்பெண்ணை இரண்டும் தொடாது. முடிவு வந்த சில வாரங்களில் கதவு மூடிவிடும். இரண்டு பாடத்தை மீண்டும் எழுதி உயர்த்த வேண்டுமென்றால் மே-ஜூன் தேர்வு இருக்கிறது.

தீபாவளி பெரும்பாலும் இந்தத் தேர்வுகளுக்கு நடுவில்தான் விழும். கால அட்டவணை வந்ததும் பார்த்துவிட்டு, அந்த வாரத்தில் ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள். பழைய வினாத்தாளும் திருத்தக் குறிப்பும் கல்வித் துறையின் தளத்தில் இலவசம். திருத்தக் குறிப்பு இல்லாமல் வினாத்தாளை மட்டும் விற்பவர்களிடம் வாங்க வேண்டாம். மதிப்பெண் பட்டியலை எனக்கு அனுப்புபவர்கள் பிள்ளையின் அடையாள எண்ணையும் தேர்வு எண்ணையும் மறைத்து, குழுவுக்கு அல்லாமல் தனிமடலில் அனுப்புங்கள்.