செட்டாப் பாக்ஸில் பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே ஹார்டு டிஸ்க் காணாமல் போகிறது

காவிரிக்கரை (கேள்வி):

வணக்கம். டிடி ஃப்ரீ டிஷ் பார்ப்பதற்காக, மாதக் கட்டணம் இல்லாத சாதாரண செட்டாப் பாக்ஸ் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதன் யூஎஸ்பி துளையில் 32 ஜிபி பென் டிரைவைச் செருகி, டிடி தமிழில் (2024 ஜனவரி வரை பொதிகை) வரும் கச்சேரிகளை அம்மாவுக்காகப் பதிவு செய்து வந்தேன். இரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சிக்கல் வந்ததில்லை. இடம் போதவில்லை என்பதால் சென்ற மாதம் உள்ளங்கையில் அடங்கும் 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கிப் பெட்டியிலேயே பார்மட் செய்து இணைத்தேன். தொல்லை அன்றே தொடங்கியது.

பெட்டியை இயக்கும்போது சில நாள் டிஸ்க் உடனே தெரிகிறது. சில நாள் இரண்டு மூன்று முறை கழற்றிச் செருகிய பிறகே தெரிகிறது. பதிவு அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ ஒழுங்காக ஓடும். பிறகு டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்ற ஒலி கேட்கும். அடுத்த நொடி யூஎஸ்பி சாதனம் இல்லை என்று திரையில் செய்தி வந்துவிடும். அப்போதும் தொலைக்காட்சியில் படம் தடையின்றி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதே டிஸ்க்கைக் கணினியில் இணைத்தால் எந்த ஒலியும் இல்லை, நாள் முழுவதும் வேலை செய்கிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. நீண்ட திரைப்படங்கள் சுமார் 2 மணி 20 நிமிடத்தில் வெட்டுப்பட்டு இரண்டு கோப்புகளாகப் பதிவாகின்றன. இதுவும் டிஸ்க்கின் கோளாறுதானா? மேலும், சென்ற வாரம் அம்மாவின் இசை ஆசிரியை பாடிய பழைய கச்சேரி ஒன்று மறுஒளிபரப்பானது. அதைப் பதிவு செய்தபோதும் டிஸ்க் பாதியில் நின்றது. இப்போது அந்தக் கோப்பு 0 பைட் என்று காட்டுகிறது. அதை மீட்க வழி உண்டா? மற்றவை போனாலும் பரவாயில்லை, அந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பற்றவைப்பவர்:

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் மின்சாரப் பற்றாக்குறையையே காட்டுகின்றன. யூஎஸ்பி 2.0 துளை ஒன்று 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட் கொடுத்தால் போதும் என்பதுதான் விதி. பென் டிரைவுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. ஆகவே அது இரண்டு ஆண்டுகள் சிக்கலின்றி ஓடியதில் வியப்பில்லை. ஆனால் 2.5 அங்குல ஹார்டு டிஸ்க்கின் மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 1 ஆம்பியரை நெருங்கும். கணினியின் யூஎஸ்பி 3.0 துளை 900 மில்லி ஆம்பியர் வரை கொடுக்க வேண்டியது. அதனால்தான் அங்கே டிஸ்க் வாய் திறக்காமல் வேலை செய்கிறது.

பெட்டியின் நிலைமை இன்னும் மோசம். பெட்டியோடு வந்த அடாப்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தால் மொத்தமே 12 வாட்தான். பெட்டியின் சிப்பும், கூரையில் இருக்கும் டிஷ்ஷின் எல்என்பியும் (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலைப் பிடிக்கும் கருவி) அதிலிருந்தே தின்ன வேண்டும்; மிச்சம்தான் உங்கள் டிஸ்க்குக்கு.

ஒன்றைக் கேட்க வேண்டும்: டிஸ்க்கோடு வந்த குட்டைக் கேபிளைத்தான் பயன்படுத்துகிறீர்களா, அல்லது நீளம் போதவில்லை என்று வேறொன்றைப் போட்டிருக்கிறீர்களா? விலை குறைந்த போன் கேபிள்களில் இருக்கும் 28 கேஜ் என்ற மெல்லிய கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை உண்டு. ஒன்றரை மீட்டர் கேபிளில் மின்சாரம் போகவும் வரவும் 3 மீட்டர் என்று கணக்கிட்டால் 0.63 ஓம். அதில் 0.9 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும். டிஸ்க்கைச் சென்றடைவது 4.4 வோல்ட்தான். 5 வோல்ட்டிலிருந்து மேலோ கீழோ 5 சதவீதத்துக்குள் இருந்தால்தான் பெரும்பாலான டிஸ்க்குகள் ஏற்கும். அதற்கும் கீழே இறங்கும்போது தகட்டைப் படிக்கும் முனை ஒதுங்கிக்கொள்ளும், மோட்டார் மீண்டும் சுழல முயலும். அந்த முயற்சியின் ஒலிதான் நீங்கள் கேட்பது.

5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரோடு தனியாக மின்சாரம் பெறும் யூஎஸ்பி ஹப் (ஒரு துளையைப் பல துளைகளாக்கும் கருவி) ஒன்றை வாங்கி, டிஸ்க்கை அதன் வழியாக இணைத்துப் பாருங்கள்.

பழையபெட்டி:

எனக்கும் இதே போல நடந்தது. மழையில் டிஷ்ஷின் சிக்னல் போவதாக முதலில் நினைத்தேன். ஆனால் சிக்னல் போனால் நேரலைப் படமும் உறைந்துவிடும். உங்களுக்கு அப்படி நடக்கவில்லை என்பதால் அந்தப் பக்கம் தேட வேண்டியதில்லை.

2 மணி 20 நிமிடத்தில் வெட்டுவது கோளாறு அன்று. உங்கள் பெட்டி டிஸ்க்கை ஃபேட்32 என்ற, கோப்புகளை அடுக்கி வைக்கும் பழைய முறையில் பார்மட் செய்திருக்கிறது. அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளர முடியாது. சாதாரணத் தரத்தில் வரும் அலைவரிசை நொடிக்கு 4 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 1.8 ஜிபி ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், நீங்கள் சொன்ன நேரமேதான் வரும். கணினியில் என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு முறைக்கு மாற்றி பார்மட் செய்துவிட்டால் வெட்டும் இருக்காது, பழைய பிழைகளும் ஒழியும். நான் அதைத்தான் செய்தேன்.

நீலத்திரை:

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் பார்மட் செய்யும் ஆலோசனையை இப்போது தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். அவருக்கு வேண்டிய கச்சேரி அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. தவிர, என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்கத் தெரிந்து எழுதத் தெரியாத பெட்டிகளும் உண்டு. பழையபெட்டி அவர்களின் பெட்டியில் சரியாக வந்தது என்பதால் எல்லாப் பெட்டியிலும் வரும் என்று கொள்ள முடியாது. இரண்டு கோப்புகளாக வருவதில் இழப்பு ஒன்றும் இல்லை.

காவிரிக்கரை அவர்களே, முதலில் டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள், அதில் இனிமேல் எதையும் பதிவு செய்யாதீர்கள். கணினியில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு 05, சி5 ஆகிய இரண்டு வரிகளைப் பாருங்கள். முதலாவது, பழுதாகி மாற்றப்பட்ட செக்டார்களின் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை. இரண்டாவது, படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டார்களின் எண்ணிக்கை. இரண்டும் சுழியமாக இருந்தால் டிஸ்க்கின் உடல்நலத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. சி5 ஏறியிருந்தால் மட்டும் கீழே சொல்வதைச் செய்யாமல் இங்கே எழுதுங்கள். நோயுற்ற டிஸ்க்கின் மீது பழுது நீக்கும் கட்டளையை ஓட்டுவது உள்ளதையும் கெடுக்கும்.

0 பைட் என்று காட்டுவதால் கோப்பு காலி என்று பொருளில்லை. ஃபேட் முறையில் கோப்பின் அளவு பெரும்பாலும் பதிவு முடிந்து மூடும்போதுதான் அட்டவணையில் எழுதப்படும். டிஸ்க் இடையில் மறைந்ததால் எழுதப்பட்டது அப்படியே இருக்க, அளவு மட்டும் எழுதப்படாமல் போயிருக்கலாம். நன்றாக இருக்கும் மற்றப் பதிவுகளைக் கணினிக்கு நகலெடுத்த பிறகு, கட்டளைச் சாளரத்தில் செக்டிஸ்க் கட்டளையை, பிழைகளைத் திருத்தும் எஃப் குறியோடு ஓட்டுங்கள். உரிமை தெரியாத துண்டுகளை அது மறைந்திருக்கும் ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் சிஎச்கே என்ற பின்னொட்டோடு சேர்த்து வைக்கும். அவற்றில் பெரிய கோப்பை வேறிடத்துக்கு நகலெடுத்து, பின்னொட்டை டிஎஸ் என்று மாற்றி விஎல்சி பிளேயரில் திறந்து பாருங்கள்.

இது நடக்கக்கூடிய காரியம் என்று நான் நம்புவதற்குக் காரணம் ஒளிபரப்பின் அமைப்பு. செயற்கைக்கோளிலிருந்து வரும் ஓடை 188 பைட் கொண்ட சிறுசிறு பொட்டலங்களாகவே வருகிறது. பிளேயருக்குத் தொடக்கமும் முடிவும் தேவையில்லை; நடுவில் எங்கே கொடுத்தாலும் பிடித்துக்கொண்டு ஓட்டும். கட்டணச் சேவைகளின் பெட்டிகளில் பதிவு அந்தப் பெட்டிக்கு மட்டுமே புரியும்படி பூட்டப்படுவதால் இந்த வழி அங்கே பயன்படாது.

காவிரிக்கரை:

அனைவருக்கும் நன்றி. முதல் பதிவில் சொல்லாமல் விட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும்: பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருப்பதால், டிஸ்க்கோடு வந்த ஒரு சாண் கேபிள் எட்டவில்லை. பழைய போனின் ஒன்றரை மீட்டர் கேபிளின் முனை, டிஸ்க்கின் அகலமான துளையில் ஒரு பாதியில் சரியாகப் பொருந்தியதால் அதையே போட்டிருந்தேன். பற்றவைப்பவர் என் வீட்டு அலமாரியைப் பார்த்துவிட்டு எழுதியதைப் போல இருந்தது. அடாப்டரிலும் 12 வோல்ட், 1 ஆம்பியர்தான்.

05, சி5 இரண்டும் சுழியம். மற்றப் பதிவுகளை நகலெடுத்த பிறகு செக்டிஸ்க் ஓட்டினேன். 1.4 ஜிபி அளவில் ஒரு துண்டு கிடைத்தது; விஎல்சியில் 47 நிமிடங்கள் ஓடுகிறது. தனி ஆவர்த்தனம் தொடங்கும் இடத்தில் நின்றுவிடுகிறது என்றாலும் ஆசிரியையின் ராக ஆலாபனை முழுமையாக இருக்கிறது. அம்மா நேற்று இருமுறை கேட்டுவிட்டார்.

குட்டைக் கேபிளுக்கு மட்டும் மாறி முதலில் சோதித்தேன். பதிவு ஒன்றரை மணி நேரம் தாங்கியது, பிறகு மீண்டும் நின்றது. ஹப் வாங்கி இணைத்த பிறகு மூன்று நாளாக ஒரு தடங்கலும் இல்லை. ஆனால் புதிதாக ஒன்று: பெட்டியின் சுவிட்சை அணைத்த பிறகும் அதன் முன்விளக்கு மங்கலாக எரிகிறது, மறுபடி இயக்கும்போது சில முறை பெட்டி தொடங்காமல் அப்படியே நின்றுவிடுகிறது.

பற்றவைப்பவர்:

ஹப்பின் 5 வோல்ட் பின்வழியாகப் பெட்டிக்குள் ஏறுகிறது. நல்ல ஹப்களில் இதற்குத் தடுப்பு இருக்கும். மலிவானவற்றில் இரண்டு பக்கத்து 5 வோல்ட் கம்பிகளையும் நேரடியாகச் சேர்த்துவிடுவார்கள். அரைகுறை மின்சாரத்தில் பெட்டியின் சிப் முழுவதும் உறங்காமலும் விழிக்காமலும் இருப்பதால்தான் அடுத்த முறை தொடங்கத் தடுமாறுகிறது.

எளிய வழி, பெட்டியின் அடாப்டரையும் ஹப்பின் அடாப்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, ஒரே சுவிட்சால் இரண்டையும் போட்டு அணைப்பது. பதிவை நிறுத்தி, டிஸ்க்கின் விளக்குத் துடிப்பது ஓய்ந்த பிறகே அந்தச் சுவிட்சைத் தொடுங்கள்; இல்லாவிட்டால் இன்னொரு 0 பைட் கோப்பு உருவாகும். எப்போதும் பெட்டி விழித்திருக்க வேண்டும் என்றால், ஹப்பிலிருந்து பெட்டிக்குப் போகும் முனையில் நான்கு தகடுகளில் 5 வோல்ட் வரும் ஓரத் தகட்டின் மீது மெல்லிய இன்சுலேஷன் டேப் ஒட்டலாம். எந்த ஓரம் என்பதை மல்டிமீட்டர் வைத்து உறுதி செய்துகொண்டு ஒட்டுங்கள். டேப் ஒட்டியதும் ஹப்பே தெரியாமல் போனால், அந்த 5 வோல்ட்டைப் பார்த்துத்தான் அது விழித்துக்கொள்கிறது என்று பொருள். டேப்பை எடுத்துவிட்டு, ஹப்பைக் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.