பழைய டீசல் பிக்கப்: மைலேஜும் போச்சு, இழுவையும் போச்சு. டீசல் பம்பைக் கழற்றத்தான் வேண்டுமா?

மஞ்சள் பிக்கப் (கேள்வி):

வணக்கம். என்னுடையது இருபது வருடம் ஓடிய டீசல் பிக்கப். 2.5 லிட்டர், டர்போ, இன்டர்கூலர், காமன் ரெயில். மீட்டரில் 2,90,000 கி.மீ. லிட்டருக்கு 12 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி இப்போது 8.5-ல் வந்து நிற்கிறது. போதாததற்கு இழுவையும் இல்லை. சமதளத்தில் 80 வரை எப்படியோ போய்விடுகிறது. அதற்கு மேல் மிதித்தால் சத்தம்தான் கூடுகிறது, வேகம் கூடவில்லை. மூன்றாம் கியரில் ஏறிய மேட்டுக்கு இப்போது இரண்டாவது போட வேண்டியிருக்கிறது. ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தினால் பின்னால் வருகிறவர் கண்ணாடியில் தெரியாத அளவுக்குக் கரும்புகை.

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், இன்ஜின் ஆயில் மூன்றும் மாற்றியாயிற்று. இன்ஜெக்டர் சுத்தம் செய்யும் திரவம் இரண்டு பாட்டில் டேங்கில் ஊற்றினேன். வாசனை மாறியதுதான் மிச்சம். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. பார்த்த மெக்கானிக், "பம்பையும் நாலு இன்ஜெக்டரையும் கழற்றினால்தான் தெரியும்" என்கிறார். கழற்றுவதற்கு முன்னால் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

நாலாம் கியர்:

டர்போ போயிருக்கும். என் வண்டியிலும் இதே கதைதான். மாற்றினேன், சரியாகிவிட்டது.

பழைய ஸ்பேனர்:

டர்போவாகவும் இருக்கலாம், கால் மிதிக்கும் இடத்தில் மடங்கிக் கிடக்கும் பாயாகவும் இருக்கலாம். சிரிக்க வேண்டாம். பாய் தடுத்து ஆக்ஸிலேட்டர் முக்கால்வாசிதான் இறங்கிய வண்டிக்கு ஃபில்டர், பம்ப் எல்லாம் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்குப் புகை வருவதால் அது இல்லை.

பம்பைத் தொட வேண்டாம். இழுவை இல்லாத டீசல் வண்டியில் நான் முதலில் கேட்பது புகை உண்டா இல்லையா என்றுதான். புகையே இல்லாமல் சோர்ந்து போனால் டீசல் போதவில்லை என்று அர்த்தம்: ஃபில்டர், டேங்க் குழாய், பெடல் இப்படித் தேடலாம். கிளட்ச் ஸ்லிப், சக்கரத்தில் பிடிப்பு இதெல்லாமும் புகையில்லாமலே வண்டியைச் சோர வைக்கும். கரும்புகையோடு சோர்ந்தால் டீசல் தாராளமாக வருகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் ஒழுகினாலும் கரும்புகை வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காற்றுப் பக்கம் பார்க்கச் செலவு கிடையாது, கை கறுப்பாகும், அவ்வளவுதான். அதனால் அது முதலில்.

அதற்கு முன் நாலு கேள்வி. மைலேஜும் இழுவையும் ஒரே சமயத்தில் குறைந்தனவா? டயர் மாற்றினீர்களா, அதே அளவா? டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது? 8.5 என்பதை எப்படிக் கணக்குப் போட்டீர்கள்?

மஞ்சள் பிக்கப்:

அண்ணே, நீங்கள் கேட்ட பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். மைலேஜ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஆறேழு மாதமாகவே 12, 11.5, 11 என்று இறங்கிக்கொண்டிருந்தது, நான்தான் கண்டுகொள்ளவில்லை. இழுவை அப்படி இல்லை. ஒரு நாள் பாரம் ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது பட்டென்று போயிற்று. அன்றிலிருந்துதான் கரும்புகை. மைலேஜ் 8.5-க்கு விழுந்ததும் அதற்குப் பிறகுதான்.

டயர் மாற்றினேன். 215/75 ஆர் 15 இருந்தது, இப்போது 235/75 ஆர் 15. முள் பாதிக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. முன்பு சரியாகப் பாதியில் நின்றதாக ஞாபகம், சத்தியம் பண்ண மாட்டேன். கணக்கு: டேங்கை நிரப்பி, ஓட்டி, திரும்ப நிரப்பிப் பார்ப்பதுதான்.

பழைய ஸ்பேனர்:

நல்லது. அப்படியென்றால் உங்கள் வண்டியில் இருப்பது ஒரு வியாதி இல்லை, இரண்டு. ஒன்று மெதுவாக வந்தது, ஒன்று பட்டென்று வந்தது. இரண்டுக்கும் ஒரே காரணத்தைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது, கடைசியில் பம்பைத்தான் கழற்றுவீர்கள்.

டயரை முதலில் தீர்த்துவிடுவோம். பழைய டயரின் விட்டம் சுமார் 703 மி.மீ., புதியது 733. நூற்றுக்கு நாலு சொச்சம் பெரியது. ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி அதிக தூரம் போகிறது, மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 100 காட்டினால் நீங்கள் 104 ஓடியிருப்பீர்கள். ஆக உங்கள் 8.5 உண்மையில் 8.9-ஐ ஒட்டி வரும். போன் ஜி.பி.எஸ்.ஸில் வேகத்தை ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும். கியரும் அதே அளவு நீண்டுவிட்டது, அதனால் இழுவையில் கொஞ்சம் அங்கேயும் போயிருக்கும். ஆனால் மேட்டில் ஒரு கியர் குறைக்க வைக்கும் அளவுக்கு இல்லை.

இப்போது பட்டென்று வந்த வியாதி. டர்போ காற்றை அழுத்தித் தள்ளுகிறது, இன்டர்கூலர் அதைக் குளிர வைத்து இன்ஜினுக்கு அனுப்புகிறது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகிற ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். பார்ப்பது என்றால் மேலே இருந்து டார்ச் அடிப்பது இல்லை. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கையை அடியில் விட்டு, ஹோஸைப் பிசைந்து, வளைத்து, முறுக்கிப் பார்க்க வேண்டும். கிழிசல் பெரும்பாலும் அடிப்பக்கத்தில், கிளாம்புக்கு ஒட்டினாற்போல இருக்கும். சும்மா இருக்கும்போது உதடு மூடியதுபோல் மூடியிருக்கும், பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறினால்தான் வாயைத் திறக்கும். நின்ற இடத்தில் எவ்வளவு முறுக்கினாலும் பாரம் இல்லாமல் பூஸ்ட் பெரிதாக ஏறாது. அதனால்தான் பட்டறையில் நிறுத்திப் பார்க்கும்போது வண்டி ஒழுங்காக இருப்பதுபோல் நடிக்கும்.

புகைக்கும் இதுவே காரணமாகலாம். ஃபில்டருக்குப் பின்னால் இருக்கிற சென்சார் உள்ளே வரும் காற்றை அளக்கிறது, கணினி அதற்கேற்ப டீசல் விடுகிறது. அளந்த காற்று நடுவழியில் ஓடிப்போனால் கணினிக்குத் தெரியாது. டீசல் முழுசாக வரும், காற்று பாதி வரும்.

டீசல் மணம்:

ஸ்பேனர் சொன்னதோடு ஈ.ஜி.ஆர். வால்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடுகிற வால்வு அது. அது திறந்த நிலையில் கரி பிடித்து நின்றுவிட்டாலும் இதே கரும்புகை, இதே சோர்வு. உங்களுடையது வேக்குவத்தில் (காற்றை உறிஞ்சும் இழுப்பில்) வேலை செய்யும் வகையாக இருந்தால் அந்தச் சின்னக் குழாயைப் பிடுங்கி, முனையில் ஒரு போல்ட்டைச் சொருகி அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். குழாயைப் பிடுங்கினால் நல்ல வால்வு மூடிக்கொள்ளும். வித்தியாசம் தெரிந்தால் கோளாறு அந்தப் பக்கம். தெரியாவிட்டாலும் வால்வு நல்லது என்று சொல்லிவிட முடியாது. கரியில் சிக்கியிருந்தால் குழாய் இல்லாமலும் திறந்தேதான் இருக்கும், கழற்றிக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இன்ஜெக்டரைச் சோதிக்கிறேன் என்று யாராவது பழைய வண்டிப் பழக்கத்தில் இன்ஜின் ஓடும்போது இரும்புக் குழாய் நட்டைத் தளர்த்தினால் விடாதீர்கள். காமன் ரெயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் பொதுக் குழாயில், ஓடும் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். சோதிப்பதென்றால் மிஞ்சும் டீசல் திரும்பிப் போகிற ரிட்டர்ன் குழாய்களை நாலு பாட்டிலில் விட்டு, எதில் அதிகம் நிறைகிறது என்று பார்ப்பதுதான் முறை.

மஞ்சள் பிக்கப் (மூன்று நாள் கழித்து):

அண்ணே, கிடைத்துவிட்டது!

முதலில் போல்ட் சொருகி ஓட்டினேன், வித்தியாசம் இல்லை. வால்வைக் கழற்றினேன். கரி இருந்தது, ஆனால் விரலால் அழுத்தினால் போய்த் திரும்பி வந்தது. துடைத்து மாட்டிவிட்டேன். அப்புறம் ஹோஸ். மேலே இருக்கிற ஹோஸ் நன்றாக இருந்தது. இன்டர்கூலரின் வெளிவாயில் மாட்டுகிற கீழ் ஹோஸும் பார்வைக்குப் புதுசு மாதிரி. ஆனால் அதற்கு நேர் கீழே இருக்கிற இரும்புத் தகட்டில் ஒரே ஒரு கோடு, விசிறி மாதிரி விரிந்து, ஆயில் படிந்து அதில் தூசி ஒட்டியிருந்தது. ஹோஸைக் கழற்றி மடக்கினேன். கிளாம்பை ஒட்டி, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். விரித்தால் சுண்டுவிரல் நுழைகிறது, விட்டால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

புது ஹோஸ் போட்டேன். அதே மேடு, மூன்றாம் கியர், சத்தமில்லாமல் ஏறிவிட்டது. கண்ணாடியில் பின்னால் வருகிறவர் முகமே தெரிகிறது. ஒரு டேங்க் ஓட்டிப் பார்த்ததில் மீட்டர் கணக்குப்படி 10.1. பழைய 12-க்கு இன்னும் தூரம் இருக்கிறது. கழற்றிய ஹோஸ் உள்ளே ஈரமாக ஆயில் படிந்திருந்தது. டர்போவும் போகிறதா?

பழைய ஸ்பேனர்:

உள்ளே மெல்லிய ஆயில் படலம் இருப்பது பழைய டர்போ வண்டியில் சகஜம். வடிந்து தேங்கி நின்றால்தான் கவலை. டர்போவை விடுங்கள்.

இனி மெதுவாக வந்த வியாதி. இரண்டு சந்தேகம்: தெர்மோஸ்டாட், பிரேக்.

தெர்மோஸ்டாட் சுலபம். இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் மூடி வைக்கும் வால்வு அது. காலையில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஃபேன் பெல்ட்டுக்கு எட்டத்தில் நின்று, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டிருங்கள். வெகுநேரம் சில்லென்று இருந்து, பிறகு திடீரென்று சூடேறினால் நல்லது. ஆரம்பத்திலிருந்தே வெதுவெதுப்பாக ஏறிக்கொண்டே வந்தால் அது திறந்தே கிடக்கிறது, இன்ஜின் சூடாகாமலே ஓடுகிறது, டீசல் அதிகம் குடிக்கும்.

பிரேக்குக்கு: முடிந்தவரை பிரேக் தொடாமல் பத்து கி.மீ. ஓட்டி, தானாக வேகம் குறைய விட்டு நிறுத்துங்கள். நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கேதான் பிடிக்கிறது.

மஞ்சள் பிக்கப் (மறுநாள்):

தெர்மோஸ்டாட் நல்லது. ஏழெட்டு நிமிடம் சில்லென்று இருந்து, அப்புறம் கையை எடுக்க வைத்தது. முள் விஷயம் என் மனப்பிரமைதான் போல.

பிரேக்: முன் இடது சக்கரம். அருகில் போகும்போதே தெரிகிறது, பேட் கருகிய வாடையும் லேசாக. மற்ற மூன்றும் சாதாரணம். ஜாக்கி போட்டுத் தூக்கிச் சுற்றினால் முன் வலது ஒன்றரைச் சுற்று ஓடி நிற்கிறது, இடது சக்கரமோ, கையை எடுத்ததும் நிற்கிறது. பேட்டை அழுத்திப் பிடிக்கிற காலிப்பரை மாற்ற வேண்டுமா?

பழைய ஸ்பேனர்:

பொறுங்கள், ஒரு சோதனை பாக்கி. ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டு வைத்துக்கொள்ளுங்கள். யாரையாவது பிரேக்கை நாலு தரம் மிதித்து விடச் சொல்லுங்கள். சக்கரம் பிடித்திருக்கும்போதே காலிப்பரின் ப்ளீடர் நிப்பிளை (ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகை) கால் சுற்று திறங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் உடனே விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது, காலிப்பர் குற்றவாளி இல்லை. திறந்தும் விடுபடாவிட்டால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது.

பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும், துணி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி.

மஞ்சள் பிக்கப்:

திறந்ததும் ஆயில் சர்ரென்று அடித்தது, சக்கரம் விடுபட்டது. நிப்பிளை மூடி மறுபடி மிதித்தால் மறுபடி பிடிக்கிறது. அப்போ பெடல் பக்கம் இருக்கிற மாஸ்டர் சிலிண்டரா?

டீசல் மணம்:

ஒரு சக்கரம் மட்டும் பிடிப்பதால் முதலில் அந்தச் சக்கரத்துக்குப் போகிற ரப்பர் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். வயதான ஹோஸ் வெளியே நன்றாக இருந்துகொண்டே உள்ளே உப்பி, வழி சிறுத்துவிடும். நீங்கள் மிதிக்கும் அழுத்தம் பெரிது, அதனால் ஆயில் போய்விடும். காலை எடுத்தால் திரும்பி வரத் தள்ள ஆளில்லை, அங்கேயே நிற்கும். ஒருவழிப் பாதை மாதிரி.

மஞ்சள் பிக்கப் (இரண்டு வாரம் கழித்து):

அதேதான். பழைய ஹோஸை வெட்டிப் பார்த்தேன், உள்ளே துவாரம் ஊசி நுழையும் அளவுக்குத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் புதுசு போட்டு, தேய்ந்துபோன இடது பேட்டோடு வலதையும் சேர்த்து மாற்றி, பிரேக் குழாயில் புகுந்த காற்றையும் எடுத்தாயிற்று. வண்டி வாங்கியதிலிருந்து மாற்றாத ரப்பர் இரண்டும்தான் என் டீசலைக் குடித்திருக்கின்றன. ஒன்று பட்டென்று, ஒன்று மெல்ல.

இரண்டு டேங்க் கணக்கு: மீட்டர்படி 11.3, டயரைத் திருத்தினால் 11.8. பம்பும் இன்ஜெக்டரும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

நாலாம் கியர்:

சரி, டர்போ இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

பழைய ஸ்பேனர்:

நல்லது. அந்த ஈ.ஜி.ஆர். குழாயில் சொருகிய போல்ட்டை எடுத்துவிட்டீர்கள்தானே? அப்படியே விட்டால் புகையில் நச்சு கூடும், ஒரு நாள் எச்சரிக்கை விளக்கும் எரியலாம்.

மஞ்சள் பிக்கப்:

இல்லை அண்ணே. இப்போதுதான் போய் எடுத்துவிட்டு வந்தேன்.