எம்டன் கப்பலில் செண்பகராமன் இருந்தாரா? அரை மணி நேரத்தில் அது ஏன் திரும்பிப் போயிற்று?

மண்ணடிவாசி:

அனைவருக்கும் வணக்கம். கெட்டிக்காரத்தனமும் கள்ளத்தனமும் ஒன்றாகச் சேர்ந்த பிள்ளை எவனைக் கண்டாலும் ‘சரியான எம்டன்’ என்று சொல்லும் பாட்டியிடம் வளர்ந்தவன் நான். அது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் என்பதையும், 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது என்பதையும், உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் பதித்திருக்கும் கல்வெட்டைப் பார்த்த பிறகுதான் அறிந்துகொண்டேன்.

அண்மையில் ஒரு கூட்டத்தில் பேசியவர், அந்தக் கப்பலில் விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்றும், எங்கே சுட வேண்டும், எங்கே சுடக் கூடாது என்று கேப்டனுக்கு வழிகாட்டியவர் அவரே என்றும், மக்கள் குடியிருப்புகள் தப்பியது அதனால்தான் என்றும் உறுதிபடக் கூறினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இதற்கு ஆதாரம் உண்டா என்பது என் முதல் ஐயம். எதிர்த்து நிற்க ஒரு போர்க்கப்பல்கூட இல்லாத துறைமுகத்துக்கு வந்துவிட்டு, அரை மணி நேரத்தில் அது ஏன் திரும்பிப் போயிற்று என்பது இரண்டாவது.

பழைய ஏடு:

முதல் கேள்விக்கு நாட்களை வைத்தே விடை சொல்லிவிடலாம். எம்டன், ஜெர்மனியின் கிழக்காசியக் கடற்படை அணியைச் சேர்ந்த கப்பல். சீனக் கரையிலிருந்த சிங்தாவ் துறைமுகமே அதன் தளம். 1914 ஜூலை 31 அன்று அங்கிருந்து கிளம்பி, பிடித்த ஒரு ரஷ்யக் கப்பலோடு ஆகஸ்ட் 6 அன்று திரும்பி வந்து, உடனே மறுபடியும் புறப்பட்ட பிறகு அது அந்தத் தளத்துக்குத் திரும்பவேயில்லை. செண்பகராமன் அந்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய ஆதரவுக் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். அக்டோபரில்தான் பெர்லினுக்குப் போய், அங்கே உருவாகிவந்த இந்தியப் புரட்சியாளர் குழுவோடு சேர்ந்தார். சூரிச்சில் இருந்தவர், போர் மூண்ட அந்த ஆகஸ்டில், பிரிட்டிஷாரும் ஜப்பானியரும் வலை விரித்திருந்த கடல்களைக் கடந்து கப்பலேறி, சென்னையில் சுட்டுவிட்டு, அடுத்த மாதமே பெர்லினில் தோன்றினார் என்று நம்புவதற்கு வழியில்லை. கப்பலில் இருந்த ஆசியர்கள், நான் படித்த வரையில், துணி வெளுக்கும் சீனர் சிலர் மட்டுமே. செண்பகராமன் உண்மையில் செய்த வேலைகளே அவரைப் போற்றுவதற்குப் போதுமானவை. இந்த ஒட்டுவேலை அவருக்குத் தேவையில்லை.

இனி அந்த இரவு. கேப்டன் கார்ல் ஃபொன் முல்லர் இரவு 9.30 மணியளவில் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் உள்ளாகக் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தி, தேடுவிளக்கைப் போட்டுச் சுட்டார். அப்போது உயர் நீதிமன்றக் கோபுரத்தின் மீது இருந்த கலங்கரை விளக்கம் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது; நகரத்தின் விளக்குகளும் அணையவில்லை. சுமார் 125 குண்டுகள் சுடப்பட்டன. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளில் இரண்டு தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ‘சுப்ரா’ என்ற வணிகக் கப்பல் அடிபட்டது. குறைந்தது ஐந்து பேர் இறந்தனர். கரையிலிருந்த பீரங்கிகளும் சில குண்டுகளைச் சுட்டன, ஒன்றும் கப்பலில் படவில்லை. முல்லர் போகும்போது வேண்டுமென்றே விளக்குகளைக் காட்டிக்கொண்டு வடக்கே சென்று, பிறகு அவற்றை அணைத்துவிட்டுத் தெற்கே திரும்பினார். பாட்டி சொன்ன எம்டன்தனம் இதுதான் போலும்.

ஊர் பிடிப்பது அவருடைய நோக்கமன்று. இந்தியர் மனத்தில் ஒரு சலனத்தை உண்டாக்குவதும், ஆங்கிலேயரின் வணிகத்தையும் மதிப்பையும் குலைப்பதும்தான் நோக்கம் என்று அவரே பின்னாளில் எழுதிய அறிக்கை தெரிவிக்கிறது. மறுநாள் காலையிலிருந்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயிலுக்கு அலைமோதியதைப் பார்த்தால், அந்த அரை மணி நேரமே போதுமானதாக இருந்திருக்கிறது.

கரிவண்டி:

முப்பது ஆண்டுகள் வணிகக் கப்பல்களின் எந்திர அறையில் கழித்தவன் என்பதால், இரண்டாவது கேள்வியை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். எம்டனைப் பற்றிப் பேசுவோர் பீரங்கியைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தக் கப்பல் நாள்தோறும் கவலைப்பட்டது நிலக்கரியைப் பற்றித்தான்.

அது பெரிய கப்பலன்று. 118 மீட்டர் நீளம், நான்காயிரம் டன்னுக்கு முன்பின்னான எடை, 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. 1908இல் டான்சிக்கில் நீரில் இறக்கப்பட்ட இக்கப்பல், பிஸ்டன் எந்திரத்தோடு கட்டப்பட்ட கடைசி ஜெர்மானியக் குரூசர். பன்னிரண்டு கொதிகலன்கள். அறைகளில் இருக்கும் இடத்தையெல்லாம் நிரப்பினாலும் 860 டன் கரிதான் கொள்ளும். 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) என்ற சிக்கனமான வேகத்தில் போனால்கூட அது இரண்டு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது. வேகமாக ஓட நேர்ந்தால் நாட்கணக்கு இன்னும் சுருங்கும். இந்துமாக் கடலிலோ கரி கிடைக்கும் துறைமுகம் எதுவும் ஜெர்மனிக்குக் கிடையாது. ஆகஸ்டில் பாகன் தீவில் நடந்த ஆலோசனையில், அணித்தலைவர் ஃபொன் ஷ்பே மற்றக் கப்பல்களைத் தென்னமெரிக்காவை நோக்கி நடத்திச் செல்ல முடிவு செய்தபோது, எம்டனை மட்டும் தனியே இந்துமாக் கடலுக்கு அனுப்ப ஒப்புக்கொண்டதற்கும் இதுவே அடிப்படை: ஓர் அணி முழுவதற்கும் அங்கே கரி கிடைக்காது, ஒற்றைச் சிறிய கப்பல் பிடித்துத் தின்று பிழைத்துக்கொள்ளும்.

பிழைத்தும் கொண்டது. கூடவே வந்த ‘மார்க்கொமானியா’ என்ற கரிக்கப்பல்தான் முதல் சில வாரங்களுக்கு அதன் உயிர். கப்பலுக்கு இருந்த மூன்று புகைபோக்கிகளோடு பொய்யாக நான்காவதொன்றைக் கட்டிக்கொண்டு, தூரத்திலிருந்து பார்ப்போருக்குப் பிரிட்டிஷ் குரூசர் போலத் தோன்றி, டச்சுத் தீவுகளின் வழியே அது வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது. செப்டம்பர் 10 அன்று அகப்பட்ட ‘பொன்டோபொரோஸ்’ என்ற கிரேக்கக் கப்பலில் ஆறாயிரம் டன்னுக்கு மேல் வங்காளக் கரி இருந்தது. ஆனால் எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும், கரி என்றால் எல்லாம் கரியல்ல. வங்காளக் கரி கறுத்த புகையைக் கக்கும், குழாய்களில் படிந்து வெப்பத்தைக் குறைக்கும். ஒளிந்து திரியும் கப்பலுக்குப் புகையைவிடப் பெரிய காட்டிக்கொடுப்பவன் இல்லை. செப்டம்பர் 27இல் ‘பியூரெஸ்க்’ என்ற கப்பல் கைக்கு வந்தபோது எம்டனில் ஏன் அவ்வளவு மகிழ்ச்சி என்றால், அதில் பிரிட்டிஷ் கடற்படைக்கென்றே அனுப்பப்பட்ட வேல்ஸ் நாட்டு உயர்தரக் கரி இருந்தது. எதிரியின் முதல்தரக் கரியில் எதிரியையே வேட்டையாடினார்கள்.

கரி ஏற்றுவதென்பது இரு கப்பல்களை நடுக்கடலிலோ ஆளில்லாத் தீவோரத்திலோ பக்கத்தில் பக்கம் கட்டி, அலைக்கு அவை மோதிக்கொள்ள, வெப்ப மண்டல வெயிலில் சாக்குச் சாக்காக ஆட்கள் தூக்கிச் சுமப்பது. அறைகள் நிரம்பிய பிறகு மேல்தளத்திலும் குவிப்பார்கள். அந்த வேளையில் எதிரி வந்தால் சண்டையும் போட முடியாது, ஓடவும் முடியாது. சென்னையில் விடியும்வரை நின்றிருந்தால், வெளிச்சத்தில் கண்ணில் பட்டு, முழு வேகத்தில் ஓடிக் கரியை எரித்துத் தீர்க்க வேண்டியிருந்திருக்கும். குண்டுகளுக்கும் இதே கணக்குத்தான்: சுட்ட குண்டுக்கு மாற்றுக் குண்டு கடலில் கிடைக்காது. அரை மணி நேரமே அதிகம் என்பேன்.

திருமலை வாசகன்:

இலங்கையிலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். சென்னையை விட்டகன்ற எம்டன் எங்கள் தீவைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போய், கொழும்பு வழிக் கடற்பாதையில் மூன்று நாட்களுக்குள் ‘கிங் லட்’, ‘டைமெரிக்’, ‘ரிபெரா’, ‘ஃபொயில்’ ஆகிய கப்பல்களை மூழ்கடித்தது. பிடிபட்ட மாலுமிகளை ‘கிரைஃப்வேல்’ என்ற கப்பலில் ஏற்றிக் கொழும்புக்கே அனுப்பிவைத்தார்கள். எம்டன் பிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளுக்குத் தீங்கு நேராமல் முல்லர் பார்த்துக்கொண்டார். ‘கபிங்கா’ என்ற கப்பலில் கப்டனின் மனைவியும் இருந்தபடியால் அதை மூழ்கடிக்காமல் விட்டுவிட்டார். விடுவிக்கப்பட்டவர்கள் பிரியும்போது எம்டனுக்கு ஆரவாரம் செய்து வழியனுப்பினார்கள் என்பதை ஆங்கிலேயரும் மறுத்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்தது நாடகத்துக்கு ஏற்றது. ஒக்டோபர் 9ஆம் திகதி அது தியேகோ கார்சியா தீவுக்குப் போனபோது, உலகில் போர் நடக்கும் செய்தியே அங்குள்ள தோட்டத்தாருக்கு எட்டியிருக்கவில்லை. ஜேர்மன் மாலுமிகள் கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், தோட்ட மேலாளரின் பழுதடைந்த இயந்திரப் படகையும் சரிசெய்து கொடுத்தார்கள். பிறகு மினிக்காய்ப் பக்கம் திரும்பி, ஒரே வாரத்தில் ஏழு கப்பல்களைப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்று தாஸ்மேனியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ‘பொன்ராபெல்’ என்ற தூர்வாரிக் கப்பல்.

எம்டனைப் பிடிக்க முடியாத எரிச்சல் அப்பாவிகள் மீதும் விழுந்தது. யால வனத்தின் முதற் காவலராக இருந்த ஏங்கல்பிரெக்ட் என்ற தென்னாபிரிக்கப் போயர் இனத்தவர், கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்ற சந்தேகத்தின் பேரில் சிறை வைக்கப்பட்டார். பழி பொய்யென்று தெளிவானது அவர் இறந்த பிறகுதான்.

மண்ணடிவாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. கரிவண்டி ஐயா, அவ்வளவு கவனமாகத் திரிந்த கப்பல் நவம்பர் 9இல் கோகோஸ் தீவில் அகப்பட்டது எப்படி? அதிலும் கரிக்குப் பங்கு உண்டா?

கரிவண்டி:

உண்டு. அதற்கு முன் அக்டோபர் 28 விடியற்காலையில் அது பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து, ‘ழெம்சுக்’ என்ற ரஷ்யக் குரூசரை டார்பிடோவால் அழித்தது. ரஷ்யக் கேப்டன் அப்போது கரையில் இருந்தார். திரும்பும் வழியில் ‘மூஸ்கே’ என்ற பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் மூழ்கடித்து, நீரில் தத்தளித்தவர்களை நின்று காப்பாற்றிற்று.

கோகோஸ் கூட்டத்தைச் சேர்ந்த டைரக்ஷன் தீவில் கடலடித் தந்தி நிலையம் ஒன்று இருந்தது. அதை அழிக்க, துணைத் தலைவர் ஹெல்முத் ஃபொன் மியூக்கே ஐம்பது பேரோடு கரையிறங்கினார். டென்னிஸ் ஆடுகளத்தின் மீது விழாதபடி கம்பியில்லாத் தந்திக் கம்பத்தைச் சாய்க்க முடியுமா என்று நிலைய ஊழியர்கள் கேட்டதும், ஜெர்மானியர் அவ்வாறே செய்ததும் எனக்குப் பிடித்த செய்தி. ஆனால் அதற்குள்ளாகவே, அடையாளம் தெரியாத கப்பலொன்று நிற்கிறது என்ற செய்தி காற்றில் போய்விட்டது. சுமார் 50 கடல் மைல் தூரத்தில், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களை ஏற்றிய கப்பல் வரிசை, யாருக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியக் குரூசர் அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டது. தொடுவானத்தில் புகை தெரிந்தபோது எம்டனின் காவலாளர்கள் பதறவில்லை. கரி கொண்டுவர அழைத்திருந்த பியூரெஸ்க் வருகிறது என்றே எண்ணினார்கள்.

மியூக்கேயின் ஆட்களைக் கரையில் விட்டுவிட்டு, பீரங்கி இயக்குவோர் பலர் இல்லாமலேயே, முல்லர் வெளியேற வேண்டியதாயிற்று. எம்டனின் முதல் குண்டுகள் சிட்னியின் தொலைவளக்கும் கருவியை உடைத்தன. ஆனால் எம்டன் குண்டின் எடை 17 கிலோ, சிட்னி குண்டின் எடை 45 கிலோ. சிட்னிக்கு வேகமும் அதிகம், தூரத்தை வைத்துக்கொண்டு அடித்தது. முற்பகல் 11 மணிக்குப் பிறகு முல்லர் சிதைந்த கப்பலை வடக்குக் கீலிங் தீவின் பவளப் பாறையில் ஏற்றினார். எம்டனில் 130 பேருக்கு மேல் மாண்டனர், சிட்னியில் நால்வர்.

பழைய ஏடு:

ஐயா ஒன்றை விட்டுவிட்டார். பியூரெஸ்க்கைத் துரத்திச் சென்று மாலையில் திரும்பிய சிட்னி, தரைதட்டி நின்ற எம்டனில் கொடி இன்னும் பறப்பதைக் கண்டு, சரணடைகிறீர்களா என்று சைகையில் கேட்டது. எம்டனிலோ சைகைப் புத்தகங்கள் அழிக்கப்பட்டிருந்தன. தெளிவான பதில் வராததால் சிட்னி மறுபடியும் சுட்டது. அதன் பின்னரே கொடி இறக்கப்பட்டது. சிட்னியின் கேப்டன் கிளாசப்பை இதற்காகக் குறை சொல்வோரும் உண்டு, கொடியை உரிய நேரத்தில் இறக்காதது முல்லரின் பிழை என்போரும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. கொடி பறக்கும் கப்பலை எதிரி எப்படிக் கருதுவான் என்பது முல்லர் அறியாததன்று.

செண்பகராமன் கதையைத் தொடங்கிவைத்தவருக்கு இன்னொன்றையும் சொல்லவேண்டும். எம்டனின் ஆட்கள் இந்தியரோடு உண்மையாகவே கலந்த இடம் சிங்கப்பூர். எம்டன் அதிகாரி லௌட்டர்பாக் பின்னர் பிடிபட்டு அங்கே டாங்லின் முகாமில் அடைக்கப்பட்டார். 1915 பிப்ரவரி 15 அன்று இந்தியப் படையின் ஐந்தாம் இலகு காலாட்படை கலகம் செய்தபோது, சிப்பாய்கள் அந்த முகாமைத் திறந்துவிட்டு ஜெர்மானியரைத் தங்களோடு சேர அழைத்தார்கள். பெரும்பாலோர் சேரவில்லை. லௌட்டர்பாக் தப்பி ஜெர்மனி போய்ச் சேர்ந்தார். சிப்பாய்களில் 47 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர்.