மறு: இன்ஸ்டன்ட் மெசஞ்சருக்குத் தமிழ்ச்சொல்: ‘உடன்தூது’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வாட்ஸப்பைப் புலனம் என்பதா, கட்செவி அஞ்சல் என்பதா என்று மடல் மேல் மடல் வருகிறது. வாட்ஸப் ஒரு நிறுவனம் வைத்த பெயர். அதை அப்படியே விட்டுவிடலாம். நமக்குச் சொல் வேண்டியது இன்ஸ்டன்ட் மெசஞ்சர் என்ற அந்த வகைக்கு. ஏனென்றால் செயலிகள் போய்விடுகின்றன. 1996-ல் வந்த ஐசிக்யூ 2024-ல் மூடப்பட்டது. யாஹூ மெசஞ்சர் 1998-ல் தொடங்கி 2018-ல் முடிந்தது. ஸ்கைப் 2025 மே மாதம் போனது. ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டியிருந்தால் எத்தனை சொல் வீணாகியிருக்கும்!

2004-ல் வேலூர் காந்தி ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். சிஎம்சி மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கும் வங்காளிகள் நிறையப் பேர் வருவார்கள். யாஹூவைத் திறந்ததும் ஊரிலுள்ள பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முகம் தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். சாம்பல் நிறமாக இருந்தால் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்ப்பார்கள். மின்னஞ்சலும் நொடியில் போய்ச் சேரும்தான். ஆனால் எதிரே ஆள் இருக்கிறாரா என்று அது சொல்லாது.

அதனால்தான் இன்ஸ்டன்ட் என்பதற்கு ‘உடனடி’ எனக்குப் போதவில்லை. அது வேகத்தை மட்டும் சொல்கிறது. ‘உடன்’ என்றால் உடனே என்றும் வரும், கூடவே என்றும் வரும். நோயாளிக்குத் துணையாக வார்டில் இருப்பவரை ‘உடனிருப்பவர்’ என்றுதானே சொல்கிறோம்? தூது நமக்குப் பழைய சொல். ‘தூது விடு’ என்று வினையும் தயாராக இருக்கிறது. ஆக, உடன்தூது. செயலியைக் குறிக்க உடன்தூதுச் செயலி.

‘உடனஞ்சல்’ என்ற யோசனை எனக்கும் பிடித்தது. ஆனால் செயலி, உலாவி போல இகரம் சேர்த்தால் ‘உடனஞ்சலி’ ஆகிவிடும், துக்கச் செய்தி போல. ‘அரட்டை’ நல்ல சொல்தான். ஆனால் 2021-லேயே ஜோஹோ நிறுவனம் அதைத் தன் செயலிக்கு வைத்துவிட்டது. மேலும், அவசரமாக ரத்தம் கேட்டு வரும் செய்தியை அரட்டை என்று சொல்ல மனம் வரவில்லை.

இந்தச் செயலிகளில் நாளை எது நிற்கும் என்ற கேள்விக்கு: வசதிகள் அதைத் தீர்மானிப்பதில்லை. தம்பி எதில் இருக்கிறானோ அதில்தான் அண்ணனும் இருப்பான். யாஹூவும் ஐசிக்யூவும் கணினி முன்னால் உட்கார வைத்தன. 2009-ல் வந்த வாட்ஸப் போன் நம்பரையே முகவரியாக்கியது. வீட்டார் எல்லாரும் ஏற்கெனவே அந்தப் பட்டியலில் இருந்தார்கள். பங்களாதேஷிலிருந்து வருபவர்கள் இன்றும் இமோ என்ற செயலியில்தான் வீட்டோடு பேசுகிறார்கள், வீடு அதில் இருப்பதால். ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போகாது. இந்தச் சுவரை உடைக்கத்தான் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, 2024 முதல் மற்ற செயலிகளுக்கும் வழி திறக்கும்படி வாட்ஸப்பைக் கட்டாயப்படுத்துகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தூது போகும் நாள் வந்தால் ‘வாட்ஸப் பண்ணு’ என்பதற்குப் பொருளே இருக்காது. ‘தூது விடு’ அப்போதும் செல்லும்.

புணர்ச்சி பற்றி: விதிப்படி ‘உடன்றூது’ என்று வர வேண்டும், தெரியும். ஆனால் ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பார்த்தவுடன் புரிய வேண்டும் என்பதால் எழுத்தை மாற்றாமலே எழுதியிருக்கிறேன். மறுப்பவர்கள் தங்கள் சொல்லை ‘அனுப்பு’, ‘வந்திருக்கிறது’ இரண்டோடும் சேர்த்து ஒரு வாக்கியமாக எழுதிக் காட்டுங்கள்; பேசிப் பார்த்து முடிவு செய்வோம்.