புதுப்பிப்பு: வங்கி ஆவணத்தில் ஏஇ, பாலிசியில் எக்ஸ்

அமெரிக்க அடுக்குமாடி வீட்டுக் கடனில் வெள்ள மண்டலம் முரண்படுவது பற்றிய என் முந்தைய இழைக்குத் தொடர்ச்சி: வங்கி ஆவணம் கட்டடத்தை வெள்ள அபாயம் அதிகமான 'ஏஇ' மண்டலம் என்கிறது, வெள்ளக் காப்பீட்டு பாலிசியோ அபாயம் குறைந்த 'எக்ஸ்' என்கிறது. ஃபெமாவின் (அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை முகமை) புதிய பிரீமியக் கணக்கீட்டு முறையான 'ரிஸ்க் ரேட்டிங் 2.0' வந்தபின் பிரீமியம் மண்டலத்தைப் பொறுத்ததல்ல. காப்பீடு கட்டாயமா என்பதை மட்டும் மண்டலமே தீர்மானிக்கிறது. வெள்ள வரைபடத்தைத் தவறாகப் படித்திருந்தால், வங்கி அறிவித்த 45 நாளுக்குள் வங்கியும் கடனாளியும் சேர்ந்து ஃபெமாவிடம் மறுஆய்வு கேட்கலாம். நிலம் மேடு என்பது அங்கே எடுபடாது; அதற்கு 'லோமா' (ஃபெமா தரும் வரைபடத் திருத்தக் கடிதம்) வேண்டும்.

பெரிய சிக்கல் காப்பீட்டுத் தொகையில்தான். 50 வீடுகள், மறுகட்டுமானச் செலவு 1 கோடி டாலர், வீட்டு உரிமையாளர் சங்கம் மொத்தக் கட்டடத்துக்கும் எடுத்த பாலிசி 60 லட்சம் என்றால் வீட்டுக்கு 1,20,000தான். கடன் 1,80,000 என்றால், மீதி 60,000க்குத் தனிப் பாலிசி தேவை. சங்கம் மறுகட்டுமானச் செலவில் 80 சதவீதத்துக்குக் கீழே காப்பீடு எடுத்தால் இழப்பீடும் விகிதப்படி வெட்டப்படும். சங்கக் கூட்டத்தில் முதலில் இதைக் கேளுங்கள்.