ஒரு செங்கல்கூடக் கூட்டவில்லை. சொத்து வரி மட்டும் ஏன் கூடுகிறது?

கேள்வி: சென்னை அண்ணா நகரில் உள்ள எங்கள் வீட்டில் புதிதாக எதுவும் கட்டவில்லை. ஆயினும் 2022-க்குப் பிறகு அரையாண்டுச் சொத்து வரி மீண்டும் உயர்ந்திருப்பது ஏன்?

பதில் 1: 2018-இல் உயர்த்திய வரி அடுத்த ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டதால், 2022-இல் மாநகரின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 50 விழுக்காடும், 1,800-ஐத் தாண்டியவற்றுக்கு 150 விழுக்காடும் ஒரேயடியாக ஏற்றினார்கள். சொத்து வரி வருவாய் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக உயர்ந்தால்தான் மாநகராட்சிகளுக்கு ஒன்றிய அரசின் மானியம் என்பது, அந்நிதியைப் பகிரப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக் குழுவின் நிபந்தனை. 2024-இல் வந்த 6 விழுக்காடு அதன் தொடர்ச்சியே.

பதில் 2: ஆண்டுதோறும் 6 விழுக்காடு ஏறினால் பன்னிரண்டே ஆண்டுகளில் வரி இரட்டிப்பாகும். ஆனால் மாநகராட்சியின் வருவாய் இதனால் மட்டும் பெருகுவதில்லை. தனி வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பும்போது, ஒரு வரி மதிப்பீட்டு எண் இருந்த இடத்தில் எட்டு முளைக்கின்றன.

பதில் 3: அரையாண்டின் முதல் 30 நாள்களுக்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு.